திறந்த மூலமும் மூடிய பதிவேடும்

பொதுத்துறையிலும் தொண்டர் அமைப்புகளிலும் கட்டற்ற மென்பொருள்: சில விமர்சனக் குறிப்புகள்

கட்டற்ற மென்பொருள் பற்றி எம்மத்தியில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இரண்டு துருவங்களில் நின்றுவிடுகிறது. ஊர்ச்சங்கங்களையும் தமிழ்ப் பாடசாலைகளையும் நடத்துபவர்களுக்கு அது காசில்லாமல் கிடைக்கும் ஒரு பொருள். 'வேர்ட்' வாங்கப் பணமில்லையா, லிப்ரே ஒஃபிஸ் போடலாம், அவ்வளவுதான். எமது இடதுசாரி நண்பர்கள் சிலருக்கோ அது தனிச்சொத்துடைமை ஒழிந்த உற்பத்தி முறையின் முன்னறிவிப்பு. முன்னவர்கள் விடயத்தைச் சிறிதாக்குகிறார்கள், பின்னவர்கள் பெரிதாக்குகிறார்கள். இரு சாராரும் ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. மூலநிரல் திறந்திருக்கிறது, சரி. அந்த நிரலைக் கொண்டு எழுதப்படும் பதிவேடு யார் கையில் இருக்கிறது?

அரச அலுவலகமும் தொண்டர் அமைப்பும் அடிப்படையில் பதிவேடுகளால் ஆனவை. யாருக்கு நிவாரணம், யார் குடிமகன், யார் உறுப்பினர், யார் காணாமற்போனவர் என்பதை அவையே தீர்மானிக்கின்றன. எனவே இத்துறைகளில் கட்டற்ற மென்பொருளை மதிப்பிடுவதற்கு உரிமப்பத்திரத்தை மட்டும் வாசித்தால் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். 1983 இல், அமெரிக்காவின் எம்.ஐ.ரி. செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில் பணிபுரிந்த றிச்சர்ட் ஸ்ரோல்மன் 'குனூ' என்னும் திட்டத்தை அறிவித்தார். அதன் அடிப்படை நான்கு சுதந்திரங்கள்: எந்த நோக்கத்துக்காகவும் ஒரு மென்பொருளை இயக்குவது, அதன் மூலநிரலைப் படித்து மாற்றுவது, பிரதி எடுத்துப் பிறருக்குக் கொடுப்பது, தான் மாற்றியதையும் பிறருக்குக் கொடுப்பது. 1989 இல் வெளிவந்த குனூ பொது உரிமம் இச்சுதந்திரங்களைச் சட்டமொழியில் கட்டியது. பெற்றவர் மாற்றி விநியோகிக்கலாம், ஆனால் அதே சுதந்திரங்களுடனேயே விநியோகிக்க வேண்டும். 1991 இல் பின்லாந்து மாணவரான லினஸ் ரோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கருநிரல் அடுத்த ஆண்டே இவ்வுரிமத்தின் கீழ் வந்தது. 'திறந்த மூலம்' என்ற பெயர் 1998 இல்தான் பிறந்தது. வர்த்தக நிறுவனங்களை மிரளச் செய்யாத ஒரு பெயர் தேவைப்பட்டது. சுதந்திரம் என்ற சொல் பின்னுக்குப் போய், தரமும் செலவுக்குறைவும் முன்னுக்கு வந்தன.

ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல். தமிழில் இரண்டு தனிச்சொற்கள் இருக்கின்றன. இருந்தும் ஆங்கிலத்தின் குழப்பத்தையே நாமும் சுமந்து திரிகிறோம் என்பது கவனிக்கத்தக்கது.

ஸ்ரோல்மனை இப்பாதைக்குத் தள்ளிய சம்பவங்களில் ஒன்று மிகச் சாதாரணமானது. ஆய்வுகூடத்துக்கு வந்த ஸெறொக்ஸ் லேசர் அச்சுப்பொறியில் அடிக்கடி தாள் சிக்கிக்கொண்டது. சிக்கினால் பாவனையாளருக்குத் தகவல் சொல்லும்படி நிரலை மாற்ற அவர் விரும்பினார். மூலநிரல் மறுக்கப்பட்டது. கோட்பாட்டாளர்கள் இதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்வதுண்டு. தொழிற்சாலையில் வேலை செய்பவருக்கு இது வேடிக்கை அல்ல. நான் வேலை செய்யும் இடத்தில் பொதியிடும் இயந்திரம் நின்றால், பதினைந்து வருடமாக அதன் முன்னால் நிற்கும் தொழிலாளிக்கு எந்த உணரியில் பிழை என்பது சத்தத்திலேயே தெரியும். ஆனால் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கடவுச்சொல் இயந்திரத்தை விற்ற கம்பெனியிடம்தான் உண்டு. அவர்களின் ஆள் வரும்வரை நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம். அறிவு ஓரிடத்திலும் அதிகாரம் இன்னோரிடத்திலும் இருப்பதன் மிகச் சிறிய வடிவம் இது. இந்தப் பிளவை ஒழிப்பதாகத்தான் கட்டற்ற மென்பொருள் வாக்களிக்கிறது. அந்த வாக்குறுதியை அது எவ்வளவு தூரம் நிறைவேற்றுகிறது?

2

பொதுத்துறைக்கு அதிகம் எடுத்துக்காட்டப்படும் உதாரணம் ஜேர்மனியின் மியூனிக் நகரம். 2003 மே மாதத்தில், சுமார் 14,000 கணனிகளை வின்டோஸ் என்.ரி. இலிருந்து லினக்ஸுக்கு மாற்றுவதென நகரசபை தீர்மானித்தது. அதற்குமுன் மைக்ரோசொஃப்டின் தலைமை நிர்வாகி ஸ்ரீவ் போல்மர் நேரில் வந்து மேயர் கிறிஸ்ரியான் ஊடவைச் சந்தித்தார், விலைக்குறைப்பும் முன்வைக்கப்பட்டது. நகரசபை அசையவில்லை. 'லிமுக்ஸ்' என்று பெயரிடப்பட்ட இத்திட்டத்தில் கணனிகளை மாற்றும் வேலை 2006 இல் தொடங்கி 2013 இல் நிறைவுற்றது. ஏறத்தாழ 15,000 கணனிகள் மாற்றப்பட்டன. அலுவலகப் படிவங்களுக்காக நகரமே எழுதுவித்த 'வொல்முக்ஸ்' என்ற மென்பொருள் 2008 இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. பத்து மில்லியன் யூரோவுக்கு மேல் மிச்சம் என்று 2012 இல் நகர நிர்வாகம் கணக்குக் காட்டியது. அதை மறுக்க மைக்ரோசொஃப்ட் வேறொரு ஆய்வைச் செய்வித்தது.

பின்னர் நடந்ததும் தெரிந்ததே. 2014 இல் புதிய மேயராக டீற்றர் றைற்றர் வந்தார். அக்சென்ச்சர் என்னும் ஆலோசனை நிறுவனத்தின் ஆய்வு 2016 இல் வந்தது. மைக்ரோசொஃப்டுடன் கூட்டுக் கம்பெனி வைத்திருக்கும் நிறுவனம் அது. 2017 நவம்பரில், சுமார் 50 மில்லியன் யூரோ செலவில் மறுபடி வின்டோஸுக்குத் திரும்புவதென நகரசபை முடிவெடுத்தது. இதற்கிடையில், 2016 இல், மைக்ரோசொஃப்டின் ஜேர்மன் தலைமையகம் புறநகரிலிருந்து மியூனிக் நகருக்குள் இடம்பெயர்ந்திருந்தது.

இதை வெறும் சதிக்கதையாக வாசிப்பது எளிது. கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் பலர் அப்படித்தான் வாசித்தார்கள். ஆனால் அந்த 2016 ஆய்வே, பிரச்சினைகளில் பெரும்பகுதி தொழில்நுட்பம் சார்ந்தது அல்ல, நிர்வாக அமைப்புச் சார்ந்தது என்று சொல்லியிருந்தது. துறைக்குத் துறை தனித்தனிக் கணனிப் பிரிவு, பழைய பதிப்புகள், யாரிடம் முறையிடுவது என்று தெரியாத எழுதுவினைஞர். அச்சுப்பொறி வேலை செய்யாவிட்டாலும் பழி லினக்ஸ் மேல் விழுந்தது. அந்த எழுதுவினைஞருக்கு நான்கு சுதந்திரங்களும் கடதாசியில் இருந்தன. நடைமுறையில் அவருக்கு இருந்தது, மேலிருந்து மாற்றித் தரப்பட்ட இன்னொரு திரை. அரசியல் உறுதி மேயர் ஒருவரில் தங்கியிருந்தது. அவர் போனதும் அதுவும் போயிற்று. மியூனிக் நகரத்திடம் மூலநிரல் இருந்தது. அதைத் தனதாக உணர்ந்து காக்கும் ஒரு பணியாளர் சமூகம் இருக்கவில்லை.

இப்பாடத்தை மீண்டும் சோதித்துப் பார்க்கும் இடமாக ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்ரைன் மாநிலம் வந்திருக்கிறது. சுமார் 30,000 அரச பணியிடங்களை லிப்ரே ஒஃபிஸுக்கு மாற்றும் முடிவை 2024 ஏப்ரலில் அது அறிவித்தது. 2025 ஒக்ரோபரில், 40,000க்கு மேற்பட்ட மின்னஞ்சற் பெட்டிகளை மைக்ரோசொஃப்டிலிருந்து திறந்த மூல மென்பொருளுக்கு மாற்றி முடித்தது. மாற்றத்தின்போது ஊழியர்களிடையே முறைப்பாடுகளும் எழுந்தன. அம்முறைப்பாடுகளை எதிரியின் குரலாகக் கருதுவதா, வேலை தெரிந்தவரின் குரலாகக் கருதுவதா என்பதில்தான் மியூனிக்கின் கதை திரும்புமா இல்லையா என்பது தங்கியிருக்கிறது.

3

இடதுசாரி நண்பர்களின் கருத்துக்கு வருவோம். இலட்சக்கணக்கானோர் கூலியின்றிக் கூடி உழைத்து எல்லோருக்கும் பொதுவான ஒன்றைப் படைக்கிறார்கள். இது முதலாளித்துவத்துக்குள்ளேயே முளைத்த மாற்று என்கிறார்கள். உண்மையின் ஒரு பாதி இதில் உண்டு. மறுபாதியை யார் சொல்வது? லினக்ஸ் கருநிரலில் இன்று நடக்கும் வேலையின் பெரும்பகுதி பெரும் கம்பெனிகளின் சம்பளத்தில் நடக்கிறது. திறந்த மூலத்தை வைத்தே வளர்ந்த றெட் ஹற் கம்பெனியை ஐ.பி.எம். 2019 இல் 34 பில்லியன் டொலருக்கு வாங்கியது. ஒரு காலத்தில் கட்டற்ற மென்பொருளின் பரம எதிரியாக இருந்த மைக்ரோசொஃப்ட், நிரலாளர்கள் கூடும் பொதுமுற்றமாகிய கிற்ஹப்பை 2018 இல் 7.5 பில்லியனுக்கு வாங்கியது. பொதுநிலத்தை வேலியடைக்காமலேயே அதிலிருந்து வாடகை எடுக்கும் வித்தையை மூலதனம் கற்றுக்கொண்டுவிட்டது.

கம்பெனிகளின் கண்படாத மூலைகளில் என்ன நடக்கிறது? வங்கிகளும் அரசாங்கங்களும் இணையத் தொடர்பைப் பாதுகாக்கப் பாவித்த ஓப்பின் எஸ்.எஸ்.எல். என்னும் நிரலில் 2014 இல் 'ஹார்ட்பிளீட்' எனப்பட்ட பெரும் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. அப்பொழுதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அந்நிரலைப் பேணிய அமைப்புக்கு வருடத்துக்கு வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டொலர். முழுநேரமாக உழைத்தவர் ஒரேயொருவர். பத்து வருடம் கழித்து, 2024 மார்ச்சில், 'எக்ஸ்.ஸெட்' என்னும் சுருக்கு நிரலில் வேண்டுமென்றே வைக்கப்பட்ட பின்கதவு ஒன்று அகப்பட்டது. அந்நிரலையும் களைத்துப்போன ஒரு தனிமனிதர்தான் ஓய்வுநேரத்தில் பேணிவந்தார். உதவிக்கு வந்தவர் போல் நடித்து, இரண்டு வருடத்துக்கு மேலாக நம்பிக்கையைத் தேடிக்கொண்ட ஒருவரே பின்கதவை வைத்தவர். உள்நுழைவு அரைவினாடி தாமதிப்பதைக் கவனித்து அதைக் கண்டுபிடித்தவர் ஒரு பொறியியலாளர். அவர் வேலை பார்த்தது மைக்ரோசொஃப்டில்.

தொண்டு என்ற சொல்லை நாம் மிக மரியாதையாகப் பாவிக்கிறோம். அது பல சமயங்களில் கூலி கொடுக்கப்படாத உழைப்பின் மறுபெயர் என்பதைத் தமிழ்ப் பாடசாலைகளில் சனிக்கிழமை தோறும் படிப்பிக்கும் எமது பெண்களிடம் கேட்டால் தெரியும். ஒரு அரசு கட்டற்ற மென்பொருளுக்கு மாறி மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பங்கையேனும் அதைப் பேணுபவருக்குக் கொடுக்காவிட்டால், அது விலை கொடுத்து வாங்குவதை நிறுத்தவில்லை. விலையை வேறொருவரின் தலையில் கட்டியிருக்கிறது.

4

இனி, சுதந்திரம் யாருக்கு என்ற கேள்வி. ஐரோப்பாவில் கட்டற்ற மென்பொருளை மிகச் சீராக நிலைநாட்டிய பொது நிறுவனங்களில் ஒன்று பிரான்சின் ஜொந்தார்மெரி. இராணுவ அந்தஸ்துள்ள பொலிஸ் அது. 2005 இல் அலுவலக மென்பொருளை மாற்றினார்கள், பிறகு உலாவியையும் மின்னஞ்சலையும், 2008 முதல் உபுண்டு லினக்ஸுக்கே மாறினார்கள். இப்போது அவர்களின் கணனிகளில் மிகப் பெரும்பாலானவை, ஒரு இலட்சம் வரையில், அதிலேயே இயங்குகின்றன. ஊழியர் பழகியபின் அடுத்த படி என்ற அவர்களின் நிதானத்தில் கற்கவேண்டியது நிறைய உண்டு. ஆனால் இதிலுள்ள முரணையும் பார்க்கவேண்டும். பொலிஸ் நிலையத்தில் விசாவுக்கு விரல் பதித்த எம்மில் ஒருவருக்கு, அந்தக் கணனியில் ஓடியது வின்டோஸா லினக்ஸா என்பதால் என்ன வேறுபாடு? நான்கு சுதந்திரங்களும் மென்பொருளை இயக்குபவருக்கு உரியவை. அதனால் பதியப்படுபவருக்கு அவற்றில் ஒன்றுகூட இல்லை.

இவ்வேறுபாட்டை எமது சொந்த வரலாற்றைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் இருக்கமுடியாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோரைக் கொன்றது. அடுத்த சில நாட்களிலேயே லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேசனைச் சேர்ந்தவர்களும் ஏனைய தொண்டர்களும் கூடி 'சஹன' என்னும் மென்பொருளை எழுதத் தொடங்கினர். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். காணாமற்போனோர் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, உதவி நிறுவனங்களின் பதிவேடு, தேவையும் கிடைத்த பொருளும் பற்றிய பதிவேடு என்பன அதன் பகுதிகள். கொழும்பில் மீட்புப்பணிகளுக்காக அமைக்கப்பட்ட தேசிய நடவடிக்கை மையம் அதைப் பாவித்தது. கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டதால் அது உலகம் சுற்றியது. 2005 இல் பாகிஸ்தான் பூகம்பம், 2006 இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவும் யோக்யகார்த்தா பூகம்பமும், 2010 இல் கெயிட்டி எனப் பல அனர்த்தங்களில் அது பயன்பட்டது. சமூக நன்மைக்கான திட்டத்துக்கென ஸ்ரோல்மனின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் விருது 2006 ஆம் ஆண்டுக்கு 'சஹன'வுக்கே கிடைத்தது. தொண்டர் துறையில் திறந்த மூலம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. கொழும்பில் அதை எழுதியவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். சிங்களப் பெயர் என்பதற்காக அதைப் பேசாமல் விடும் எம்மவரின் சின்னத்தனத்தை மதிக்கவில்லை.

ஆனால் அதே மாதங்களில் அரசியலில் நடந்தது வேறு. நிவாரணத்தை வடக்கு கிழக்கில் யார் பங்கிடுவது என்பதற்கான பொதுக்கட்டமைப்பு உடன்படிக்கை, அரசுக்கும் விடுதலைப்புலிகளுக்கும் இடையே 2005 ஜூன் 24 அன்று கைச்சாத்தானது. அதை எதிர்த்து ஜே.வி.பி. அரசிலிருந்து விலகியது. ஜூலையில் உயர்நீதிமன்றம் முக்கியமான சில பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. கட்டமைப்பு பிறக்கும்போதே இறந்தது. முகாமில் எத்தனை குடும்பம், எத்தனை பாய் தேவை என்பதைச் சொல்லும் நிரல் உலகத்துக்கே திறந்திருந்தது. அக்கணக்கின் மேல் தீர்மானம் எடுக்கும் உரிமை பூட்டப்பட்டிருந்தது. இருதரப்பும் பூட்டின் ஒவ்வொரு திறப்பை வைத்திருந்தன என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் மக்கள் சார்பில் கணக்குக் கேட்க யாருக்கு முடிந்தது?

2009 இல் எண்ணிக்கையே ஆயுதமாயிற்று. வன்னியில் சிக்கியிருந்தவர்கள் 70,000 அளவில் என்று அவ்வாண்டுத் தொடக்கத்தில் அரசு சொன்னது. அந்தக் கணக்குக்கே உணவும் மருந்தும் அளக்கப்பட்டன. யுத்தம் முடிந்தபோது மெனிக்பாம் உள்ளிட்ட முகாம்களுக்குள் அடைக்கப்பட்டவர்கள் இரண்டே முக்கால் இலட்சத்துக்கும் அதிகம். எண்ணத் தெரியாமல் வந்த பிழை அல்ல இது. எண்ணுவதற்கான கருவி அந்நாட்டிலேயே பிறந்து நான்கு வருடமாயிற்று.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். உலகத்துக்குக் 'காணாமற்போனோர் பதிவேடு' ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்த நாடு அது. அதே நாட்டில், இராணுவத்திடம் கையளித்த தம் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலைத் தா என்று தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியில் அமர்ந்தார்கள். காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016 இலேயே வந்துவிட்டது. அத்தாய்மார் கேட்டது மூலநிரலை அல்ல. அவர்கள் கேட்ட பட்டியலை எந்த உரிமப்பத்திரமும் திறந்து தராது. இது 'சஹன'வை எழுதியவர்களின் குற்றம் அல்ல. ஆனால் 'திறந்த' என்ற சொல்லை நாம் எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு அதுவே எல்லைக்கல்.

இப்போது இலங்கையின் டிஜிட்டல் அடையாளத் திட்டம் இந்திய நிதியுதவியுடன் 'மொசிப்' என்னும் தளத்தின் மேல் எழுப்பப்படுகிறது. பெங்களூரின் ஐ.ஐ.ஐ.ரி.யில் 2018 இல் தொடங்கிய திறந்த மூலத் திட்டம் அது. மூலநிரலை யாரும் படிக்கலாம். ஆனால் 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் நிழலில் வாழ்ந்த ஒரு சமூகத்தின் கைரேகையும் கருவிழியும் சேரப்போகும் தரவுத்தளத்தை யார் எப்போது திறந்து பார்ப்பார்கள் என்பதை அந்நிரலில் தேடிப் பயனில்லை.

5

அரசைச் சாடிவிட்டு இங்கே முடிப்பது வசதியானது. எமது அமைப்புகளையும் பார்ப்போம்.

தொண்ணூறுகளின் புலம்பெயர் சஞ்சிகைகளில் பல பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டெழுதப்பட்டன. அவ்வெழுத்துரு இல்லாத கணனியில் அக்கோப்பைத் திறந்தால் தெரிவது ஆங்கில எழுத்துகளின் குப்பை. ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்ததால், எமது பத்து வருட விவாதங்களின் ஒரு பகுதி யாரோ ஒருவரின் நிலவறையில் வாசிக்கமுடியாத நெகிழ்வட்டுகளாகக் கிடக்கிறது. பொது நியமம் என்பது பொறியியலாளரின் பொழுதுபோக்கு அல்ல, ஞாபகத்தின் நிபந்தனை என்பதை நாம் இப்படித்தான் கற்றோம். 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் இதற்கு மறுதலையான உதாரணம். விக்கிப்பீடியாவை இயக்கும் அதே கட்டற்ற மீடியாவிக்கியின் மேல், ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எல்லோரும் வாசிக்கும்படி அது வைத்திருக்கிறது. அங்கே நிரலும் திறந்திருக்கிறது, பதிவேடும் திறந்திருக்கிறது. எரிக்கப்பட்ட ஒரு நூலகத்தின் நினைவோடு வாழும் சமூகத்துக்கு இது சிறிய விடயம் அல்ல.

ஆனால் எமது ஏனைய அமைப்புகள்? உறுப்பினர் பட்டியல் தலைவரின் மடிக்கணனியில். கணக்கு பொருளாளரின் கொப்பியில். தொடர்புகள் எல்லாம் அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் வட்ஸ்அப்பில். நிர்வாகசபையில் பிளவு வந்தால் முதலில் காணாமற்போவது பதிவேடு. சேர்த்த பணம் எங்கே போனது என்று கேட்டவனுக்குத் துரோகி என்று பெயர் வைத்த வரலாறும் எமக்கு உண்டு. இந்த அமைப்புகளுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுப்பதால் மட்டும் எதுவும் மாறாது. ஆனால் கணக்கேட்டை எந்த உறுப்பினரும் திறந்து பார்க்கலாம் என்று ஒரு விதி வந்தால், அன்று லினக்ஸ் தானாகவே தேவைப்படும். பார்ப்பதற்கு யாரும் உரிமம் வாங்க வேண்டியிராத வடிவம் வேண்டுமல்லவா?

பொதுப்பணத்தில் எழுதப்படும் நிரல் பொதுவுக்கு உரியது என்ற கோரிக்கையை ஐரோப்பியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2017 முதல் முன்வைக்கிறது. அதை நாம் ஆதரிக்கவேண்டும். இந்நாடுகளில் நாமும் வரி கட்டுகிறோம். ஆனால் அதனுடன் இரண்டு கோரிக்கைகள் சேரவேண்டும். ஒன்று, அந்நிரலைப் பேணுபவரின் உழைப்புக்கும், அதைக்கொண்டு வேலை செய்யும் எழுதுவினைஞரின் அனுபவத்துக்கும் உரிய இடம். மற்றது, பதிவேட்டில் பெயர் எழுதப்பட்டவர் தன்னைப் பற்றி என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்கவும், பிழையைத் திருத்தவும், எழுதாமல் விடப்பட்ட பெயரைச் சேர்க்கவும் உள்ள உரிமை. ஸ்ரோல்மன் நான்கு சுதந்திரங்களைச் சொன்னார். பதிவேடுகளால் துரத்தப்பட்டு, பதிவேடுகளில் இடம் தேடி வந்த நாங்கள் ஐந்தாவதைக் கேட்கவேண்டியவர்கள். அதைச் சட்டமொழியில் எப்படி எழுதுவது என்பதில் நண்பர்களுக்கு மாற்றுக் கருத்து இருக்கலாம். விவாதம் அதிலிருந்து தொடங்கட்டும்.